ஞாயிறு காலையில் கிளம்பி இரவு வீடு திரும்ப: இலங்கை மலையகத்தில் நாங்கள் இருவரும் போய் வரும் இடங்கள்

தலவாக்கலையான் எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் தலவாக்கலையில் இருக்கிறோம். இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். மாமியாருக்கும் அதே வேலைதான், ஹப்புத்தளைப் பக்கம்.

கல்யாணமான புதிதில் கொழும்பில் கூட வேலை செய்தவர் ஒருவர், "உலக முடிவு எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உலக முடிவு என்பது ஹோட்டன் சமவெளியில் இருக்கிற செங்குத்துப் பள்ளம், எங்கள் வீட்டிலிருந்து வான் வண்டியில் இரண்டரை மணி நேரம்தான். நான் பார்த்ததில்லை, மனைவி பார்த்ததில்லை, எங்கள் இரண்டு வீட்டிலும் யாருமே பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) முன்னால் இறங்கி படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த லயத்தில் இருக்கிறவர்களுக்கு அடுத்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அன்றிரவு இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்காவது போவது. இரவு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பஸ், ரயில் போகிற இடமென்றால் வான் பிடிக்கக் கூடாது. சாப்பாடு வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும். நான்கு வருடமாக இது நடக்கிறது.

இங்கே பலர் "நுவரெலியாவில் எத்தனை நாள் தங்கலாம், எந்த ஹோட்டல்" என்று கேட்கிறீர்கள். நான் ஹோட்டலைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரே நாளில் என்ன பார்க்க முடியும், எப்போது போனால் கண்ணுக்குத் தெரியும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் போனது ஹோட்டன் சமவெளி. வான் பிந்தி வந்தது, நுழைவாயிலுக்குப் போய்ச் சேரவே எட்டு மணி தாண்டிவிட்டது. உலக முடிவுக்கு நடந்து போனால் எதிரே வெள்ளைச் சுவர். கிட்டத்தட்ட 870 மீட்டர் பள்ளம் என்று பலகையில் வாசித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆறு மணிக்கு உள்ளே விட்டார்கள். புல்வெளியில் பனி உறைந்து கிடந்தது, மரை மான் இரண்டு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மேய்ந்துகொண்டிருந்தன. ஏழே முக்காலுக்கு விளிம்பில் நின்றபோது கீழே தோட்டத்து லயங்கள் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி தெரிந்தன. ஒன்பதரைக்குள் மூடிவிட்டது. அதனால் இங்கே போகிறவர்கள் முதலில் உலக முடிவுக்குப் போங்கள், பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும்போது பாருங்கள். மொத்தச் சுற்று ஒன்பது கிலோமீட்டர் வரும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே கொண்டு போக முடியாது. ரொட்டியை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள்.

மற்றவை பிறகு.

வாவிக்கரை எழுதியது:

தம்பி, வாசிக்கும்போதே வர வேண்டும் போல இருக்கிறது. நாங்கள் மட்டக்களப்பு. நானும் இவரும் ஓய்வு பெற்றுவிட்டோம், இனிமேல்தான் ஊர் பார்க்கிறோம். ஓகஸ்டில் பண்டாரவளையில் உறவினர் வீட்டில் நான்கு நாள் இருப்போம். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் போய் வருகிற மாதிரி இடம் சொல்லுங்கள். இவருக்கு முழங்கால் வலி, அதிகம் ஏற மாட்டார். ஓகஸ்டில் மழை என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

ஊவா காற்று எழுதியது:

அக்கா, பயமுறுத்துகிறவர்கள் ஹட்டன் பக்கத்தை நினைத்துச் சொல்கிறார்கள். மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம் கொட்டும். அந்த மேகம் மலையைத் தாண்டி எங்கள் ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, ஹப்புத்தளை இருக்கிற கிழக்குச் சரிவுக்கு வரும்போது ஈரம் தீர்ந்து காய்ந்த காற்றாகத்தான் இறங்கும். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் வருவதற்கு அந்தக் காற்றுதான் காரணம். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை, இடைமழையிலும் வடகீழ் பருவமழையிலும், நாங்கள் நனைவோம்.

இதை ரயிலில் கண்ணால் பார்க்கலாம். பட்டிப்பொலை நிலையம் இலங்கையிலேயே உயரமானது, 1,898 மீட்டர். அதைத் தாண்டி ஒஹியாவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். அந்தப் பக்கம் மழைத்தூறலில் ஜன்னலை மூடிக்கொண்டு நுழைந்து, இந்தப் பக்கம் வெயிலில் வெளியே வந்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. நீங்கள் ஓகஸ்டில் பண்டாரவளைக்கு வருவது மிக நல்ல முடிவு.

முழங்கால் வலி உள்ளவருக்கு: ஹப்புத்தளையில் இருக்கிற அதிசம் பங்களாவுக்கு ஓட்டோ வாசல் வரை போகும். 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கருங்கல்லில் கட்டியது. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில் பார்க்க விடுவார்கள். துறவிகள் செய்கிற ஜாம் அங்கேயே விற்பார்கள், வாங்கி வாருங்கள். தியலுமை அருவியின் உச்சிக்கு ஏறுவதை விட்டுவிடுங்கள். கொஸ்லந்தை வழியாகப் போனால் அடியில் பாலத்திலிருந்தே 220 மீட்டர் அருவி முழுதாகத் தெரியும்.

அந்தப் பாதையில் போகும்போது ஒன்று சொல்ல வேண்டும். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில்தான் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களோடு ஆட்களை மூடியது. மழைக்காலத்தில் வருகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வாருங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் நாங்களே பாதையில் இறங்குவதில்லை.

தலவாக்கலையான் எழுதியது:

ஊவா அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜூனில் எங்கள் வீட்டுக் கூரையில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால் நாங்கள் ரயிலேறி ஹப்புத்தளைக்குப் போய்விடுவோம்.

வாவிக்கரை அக்கா, உங்களுக்கு லிப்டன் சீட் என்கிற மலை உச்சியும் பொருந்தும், மேலே வரை ஓட்டோ போகும். அங்கே போன நாளைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் போனதிலேயே அது வேறு மாதிரியான நாள்.

அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம். ஹப்புத்தளையில் இறங்கி தம்பேதன்னைக்கு பஸ். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து மேலே ஏழு கிலோமீட்டர், தேயிலைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகிற பாதை. இளம் பிள்ளைகள் நடந்து ஏறினார்கள், நாங்கள் ஓட்டோ பிடித்தோம். மேலே நின்றால் தெற்கே சமவெளி வரை மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக நீலமாய் இறங்கிப் போகும். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா மட்டும் திரும்பி நின்றார். பாதையோரச் செடிக்குப் போய்க் குனிந்தார். கை தானாகப் போனது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், நகம் படாமல் விரலிடுக்கில் ஒடித்தார். உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தார். "கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் இருக்கும். வாது நல்லா ஓடியிருக்கு" என்றார் மாமியாரிடம். மாமியார் அடிமரத்தை விலக்கிப் பார்த்து, "ரெண்டு இல்ல சம்மந்தி, மூணு" என்றார். அந்த ஞாயிறு கைக்காசுக்குப் பறிக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் கீழ் வரிசையில் இருந்தார்கள். அம்மா அங்கிருந்தே, "கிலோவுக்கு எவ்வளவு போடுறாங்க பிள்ள?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேச்சு. அட்டைக்கு என்ன பூசுகிறார்கள், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பால்மா கொடுக்கிறார்களா, பழைய கங்காணி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்.

திரும்பும்போது ரயிலில் நான், "மலையைப் பார்க்கவே இல்லையே அம்மா" என்றேன். "முப்பது வருசம் மலையிலதானே நின்னேன். நிமிந்து பாக்கத்தான் நேரமில்ல. கொழுந்த விட்டுக் கண்ண எடுத்தா கிலோ வராது, அரைப்பேர்தான் போடுவான்" என்றார். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். அப்புறம் ஒஹியா வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் வயதானவர் ஒருவரையாவது கூட்டிப் போகிறோம்.

மாத்தளை மிளகு எழுதியது:

மலையகம் என்றால் நுவரெலியா, எல்ல என்று இரண்டு பெயரிலேயே எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். எங்கள் மாத்தளையை யாரும் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்குக் காலையில் ஏறுங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கு முகம் அது. மேலே காற்று ஆளைத் தள்ளும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பிட்டவல பத்தனை என்று ஒரு புல்வெளி. பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் புல், அதன் ஓரத்தில் திடீரென்று பள்ளம். வழியெல்லாம் மிளகும் ஏலமும் கிராம்பும் இருக்கிற கிராமங்கள். தேயிலை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு மலையாகத் தெரியும்.

இறங்கி வந்து முத்துமாரியம்மன் கோயிலில் மாலைப் பூசை. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும். இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்ட ஊர் இது. நம் ஆட்களின் பயணம் மாத்தளையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கோத்தகிரி பேரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நீலகிரியில் இருந்து எழுதுகிறேன். என் பாட்டி மஸ்கெலியா பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசும் முடிவு செய்தன இல்லையா, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் கேம்பில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இங்கே வந்து, மறுபடியும் டீ எஸ்டேட் வேலைதான். பாட்டிக்கு இப்போது 84 வயது.

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. மனைவியோடு இலங்கைக்கு வரலாம் என்று இருக்கிறேன். பாட்டி அடிக்கடி சொல்வது ஒரு கோயில். "பழைய டவுன்ல, ஆத்துக்குப் பக்கத்துல" என்பார். மேப்பில் தேடினால் அந்த இடத்தில் ஏரிதான் இருக்கிறது. யாராவது சொல்ல முடியுமா?

தலவாக்கலையான் எழுதியது:

தம்பி, பாட்டி சொல்வது சரி, மேப்பும் சரி. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் உள்ளே போய்விட்டன. வறட்சிக் காலத்தில் தண்ணீர் வற்றினால் அவை மேலே வரும்.

நாங்கள் ஒரு முறை அப்படிப் போனோம். கரையில் சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. அதில் நடந்து போனால் இடிந்த கோயில் சுவர், கல்தூண், படிக்கட்டு. தூணில் தண்ணீர் நின்ற மட்டம் கோடு கோடாகத் தெரிந்தது. யாரோ படியில் கற்பூரம் ஏற்றி, செவ்வந்திப் பூ இரண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் கால் வைத்தார்.

தோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எஸ்டேட் பெயர் மட்டும் போதாது, அதற்குள் எந்தப் பிரிவு என்கிற டிவிஷன் பெயர் வேண்டும். ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம் ஆட்கள் சொல்கிற தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். பாட்டியிடம் தமிழ்ப் பெயரைக் கேளுங்கள். பெரிய கங்காணியின் பெயரும் தெரிந்தால் நல்லது. டிவிஷன் கோயிலுக்குப் போய் வயதானவர்களிடம் சொன்னால் யார் வீட்டு ஆள் என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

ஊவா காற்று எழுதியது:

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பயணம் வருகிறவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் கேட்காமல் கமராவைத் தூக்குகிறார்கள். சிலர் காசைக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறார்கள். லயத்து வாசலில் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற பிள்ளையைப் படமெடுத்த ஒருவரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். லயம் என்பது வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே இருக்கிறதென்றால் வாசல்தான் அவர்களுக்குக் கூடம், சமையலறை எல்லாம். தமிழில் பேசத் தெரிந்த நாமாவது "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாமென்றால் கமராவை உள்ளே வைக்க வேண்டும்.

மாத்தளை மிளகு எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் படமே எடுக்காதே என்ற மாதிரி ஆகிவிடக் கூடாது. என் மாமி ஒருவர் பறித்துக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். அவருடைய இளம் வயதுப் படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. எடுத்தால் அனுப்புங்கள். இப்போது போனிலேயே அனுப்பிவிடலாம்.

ஊவா காற்று எழுதியது:

அது நல்ல பழக்கம். ஒத்துக்கொள்கிறேன்.

தலவாக்கலையான் எழுதியது:

(இவர் குளிக்கப் போயிருக்கிறார், மனைவி எழுதுகிறேன்.)

வாவிக்கரை அக்கா, இவர் பெண்களுக்கு வேண்டியதை எழுத மறந்துவிட்டார். ஹோட்டன் சமவெளிக்குள் போனால் திரும்பி வரும் வரை கழிவறை கிடையாது, வாசலிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். மழை பெய்த மறுநாள் காட்டுப் பாதையில் அட்டை ஏறும். நீளக் காலுறை போட்டு அதன்மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிடுங்கள், எங்கள் அம்மாக்கள் செய்ததுதான். ஏறினால் இழுக்காதீர்கள், உப்போ தேசிக்காயோ வைத்தால் தானாக விழும்.

அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது ஹக்கலைப் பூங்கா. பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்கு வந்து நுவரெலியா பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம், மலேரியாவுக்கு மருந்து எடுக்கிற பட்டை அது. இப்போது ரோஜாவும் பன்னம் என்கிற பெரணிச் செடியும். பெரிய மரங்களில் கரடி மாதிரி ரோமம் அடர்ந்த கருமுகக் குரங்குகள் இருக்கும். எனக்குப் பிடித்தது பன்னத் தோட்டம். ஆளைவிட உயரமான மரப் பன்னங்களுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால், இலை நுனி குழந்தையின் மூடிய கை மாதிரி சுருண்டிருக்கும். அதில் ஒரு பனித்துளி தொங்கி, விழாமல் நின்றுகொண்டே இருந்தது. கால்மணி நேரம் அதையே பார்த்தோம், இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வாழ்க்கையில் இப்படி சும்மா நிற்க நேரம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை அக்கா.

அதே பாதையில் சீத்தா எலியா சீதையம்மன் கோயில். கோயிலையொட்டி ஓடை, தண்ணீர் கையை விறைக்க வைக்கும். நுவரெலியாவுக்குள் விக்டோரியாப் பூங்காவும் இருக்கிறது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பறவைகள் வரும், நீங்கள் வருகிற மாதத்தில் இருக்காது. கிரகரி வாவி ஞாயிற்றில் கூட்டம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

கோச்சிக்காரன் எழுதியது:

எல்லவில் இருக்கிற ஒன்பது வளைவு ரயில் பாலத்தை யாருமே சொல்லாததால் நான் எழுதுகிறேன். 1921இல் முடிந்தது, இரும்பு இல்லாமல் கல்லும் செங்கலும் சீமெந்தும் வைத்துக் கட்டியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் ஓட்டு அடுத்த நிலையமான தெமோதரைக்கு. அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் போகும். மேடையில் நின்று ரயிலை வழியனுப்பிவிட்டு, அதே ரயில் கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே நுழைவதைப் பார்க்கலாம். கூட்டமே இருக்காது. நிலைய அதிபரிடம் கேட்டால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்வார்.

வாவிக்கரை அக்கா, முன்பதிவு ஆசனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் சாதாரண மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று யோசிக்க வேண்டாம், வளைவில் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். தண்டவாளத்தில் நடக்காதீர்கள், கதவில் தொங்காதீர்கள். அப்படிச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அதிசம், ஹக்கலை, தெமோதரை, லிப்டன் சீட் என்று நான்கு நாளுக்கும் எழுதி வைத்துவிட்டேன். இவரும் வாசித்துவிட்டு, தலவாக்கலைத் தம்பியின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

கோத்தகிரி பேரன் எழுதியது:

தலவாக்கலை அண்ணா, நேற்று பாட்டியிடம் பேசினேன். டிவிஷன் பெயர் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார், பெரிய கங்காணி பெயரும் சொன்னார். உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கோயில் தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொல்லவா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன், கடைசியில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "படிக்கட்டு இருக்கா? ஏழு படி" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதாமே, அதில் வந்தால் சரிவருமா?

தலவாக்கலையான் எழுதியது:

வரலாம் தம்பி, கடல் நிலையைப் பார்த்து நிறுத்துவார்கள், அதனால் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி பஸ் ஏறினால் ஏ9 வீதி மாத்தளை வழியாகத்தான் வரும். மாத்தளை மிளகு சொன்ன கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு பஸ் அடிக்கடி உண்டு, நாங்கள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்போம். வருவதென்றால் மார்ச், ஏப்ரலில் வாருங்கள், நீர்மட்டம் இறங்க வாய்ப்பு அதிகம். கம்பளிச் சட்டை வேண்டும்.

படிகளை நாங்கள் அன்றைக்கு எண்ணவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிற ஞாயிறு மஸ்கெலியாவுக்குப் போகிறோம். தண்ணீர் இறங்கியிருந்தால் எண்ணிவிட்டு எழுதுகிறேன்.